அரைப்பேர்

மஸ்கெலியா,
ஜூன் 12.

அன்பின் மச்சான்,

உன் கடிதம் வந்து இரண்டு வாரமாகிறது. பதில் தாமதித்ததற்கு மழையைச் சாட்டலாம். தென்மேற்குப் பருவமழை இறங்கியதிலிருந்து மவுசாக்கலை நீர்த்தேக்கமும் தெரியவில்லை, எதிர்மலையும் தெரியவில்லை. வாசல் திண்ணையில், நம் இஸ்தோப்பில், காயப்போட்ட துணி மூன்று நாளாக ஈரம். ஆனால் உண்மைக் காரணம் வேறு. முதல் வரியிலேயே "பரீட்சை என்னவாயிற்று?" என்று கேட்டுவிட்டாய்.

பாதி தேறினேன். கனடாவில் பனிச்சறுக்கு ஆசிரியர்களுக்கு நான்கு நிலைகள் உண்டு. மூன்றாம் நிலையில் கற்பிக்கும் திறனுக்கும் சறுக்கும் திறனுக்கும் தனித்தனியாகத் தேற வேண்டும். முதலாவதில் தேறிவிட்டேன், இரண்டாவதில் தவறிவிட்டேன். அதை மட்டும் மறுபடி எழுத வேண்டும். 'எழுத' என்று பழக்கத்தில் வந்துவிட்டது. அங்கே பேனாவுக்கு வேலையே இல்லை.

இதை வீட்டில் விளங்கப்படுத்துவதற்குள் பரீட்சையே தேவலை என்றாகிவிட்டது. "சறுக்கி விழவும் பரீட்சையா? இந்த மழைக்கு நம் கொழுந்து நிறுக்கும் மடுவத்துப் பாதையில் சும்மாவே விழலாமே" என்றார் மாமா. அம்மாவுக்குப் பனி என்றால் தை, மாசியில் நுவரெலியாப் பக்கம் விழுந்து தேயிலையைக் கருக்கும் உறைபனிதான். ஆனாலும் பெறுபேற்றை அவர்தான் சட்டென்று பிடித்துக்கொண்டார். "அப்படியானால் அரைப்பேர் போட்டிருக்கிறார்கள்" என்றார். கொழுந்து நிறை குறைந்த நாளில் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம், போடாமல் பாதியோடு விடுவார்களே, அதேதான். இத்தனை வருடம் அரைப்பேருக்குச் சண்டை பிடித்தவர், என் அரைப்பேருக்கு மட்டும் நியாயம் கேட்கவில்லை.

எங்கே தவறியது என்று கேட்பாய். நீண்ட வளைவுகளில் குறை இல்லை. காலில் மாட்டும் சறுக்குப் பலகையான ஸ்கீயைச் சரித்து அதன் இரும்பு விளிம்பிலேயே போனால், பின்னால் பனியில் இரண்டு மெல்லிய கோடுகள் விழும், ஹட்டன் தண்டவாளம் மாதிரி. ஸ்கீ பக்கவாட்டில் இழுபட்டால் கோடு அகன்று கலைந்துவிடும். பார்ப்பவர் ஆளைப் பார்க்காமல் கோட்டைப் பார்த்தாலே போதும். என் கோடு நன்றாகவே இருந்தது.

மேடுகளில்தான் கவிழ்ந்தேன். மோகல் என்பார்கள். எல்லோரும் ஒரே இடத்தில் திரும்பித் திரும்பிப் பனி குவிந்து உண்டாகும் மேடுகள் அவை. நம் தேயிலைச் செடிகளின்மேல் பனியைக் கொட்டி மூடிவிட்டு, அதற்குள் குறுக்கும் நெடுக்குமாக இறங்கு என்றால் எப்படி இருக்கும்! நான்காவது மேட்டில் பயம் வந்தது. பயம் வந்தால் உடம்பு தானாகவே பின்னால் சாயும். சாய்ந்ததும் ஸ்கீயின் முனை லேசாகிவிடும். பிறகு அது சொன்ன பேச்சுக் கேட்காது. முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு பூட்ஸின் நாக்கை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும், பாரம் வெளிப்புறக் காலில் நிற்க வேண்டும். மாணவர்களுக்கு ஒரு நாளைக்கு ஐம்பது தடவை சொல்லும் விஷயம் இது. கற்பித்தலில் தேறியது சும்மாவா?

விழவில்லை. விழுந்திருந்தாலாவது மரியாதை. மலைப்பக்கமாகச் சாய்ந்து, குந்தியபடி, முதல் தடவை லிஃப்டில் ஏறிய சுற்றுலாப் பயணி மாதிரி வந்து சேர்ந்தேன். பரீட்சகர் என்னவோ குறித்துக்கொண்டு, "கீழே பார்க்கவே இல்லையே" என்றார். அவ்வளவுதான்.

சித்திரைக் கடைசியில், யாத்திரைக் காலம் முடிவதற்குள், அக்கா மகனுடன் நல்லதண்ணி வழியாகச் சிவனொளிபாத மலைக்குப் போனேன். 2,243 மீட்டர், ஐயாயிரத்துச் சொச்சம் படிகள். ஏறும்போது பையனுக்குப் பனிமலைக் கதைகளை அளந்துகொண்டே போனேன். இறங்கும்போது தொடை நடுங்கிக் கைப்பிடியைத் தொங்கிப் பிடித்துக்கொண்டு வந்ததைப் பையன் இங்கே நடித்துக் காட்ட, லயத்து வரிசை வீடுகளே சிரித்தன. அம்மா மட்டும் அடுப்பை ஊதியபடி, "பின்னால் சாய்ந்தால் கூடை இழுத்துக்கொண்டு போய்விடும். கீழ்க்காலை ஊன்றித்தான் இறங்க வேண்டும்" என்றார். தலையில் மாட்டி முதுகில் தொங்கும் 15 கிலோவோடு இறங்கியவர் சொல்கிறார். தேயிலை மலை நகராது, பனி நகரும், இரண்டும் ஒன்றல்ல என்று விளக்கப் பார்த்தேன். காதில் வாங்கவில்லை.

டிசம்பரில் திரும்பிப் போகிறேன். பரீட்சைக் கட்டணம் மறுபடியும் கட்ட வேண்டும் என்பதை மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை.

உன் மகன் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கிறான் என்று எழுதியிருந்தாய். வவுனியா வெயிலில் அவனைப் போட்டு வாட்டாதே. பரீட்சை முடிந்ததும் இங்கே கூட்டிக்கொண்டு வா. ஹட்டனில் இறங்கியதும் தகவல் சொன்னால் பஸ் நிலையத்துக்கு வருகிறேன். என் பெறுபேற்றை மட்டும் அவனுக்குச் சொல்லிவிடாதே. தன் மாமா நான் கனடாவில் வாத்தியார் என்ற நினைப்பிலேயே அவன் இருக்கட்டும்.

அன்புடன்,
உன் மச்சான்