முடிவை வெட்டிய படம் பற்றிய புகார்

மாங்குளம்.

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா,

விடயம்: 'நைட் மூவ்ஸ்' படத்தின் கடைசிப் பகுதி ஒளிபரப்பாகாமை

உங்கள் டிஷ் இணைப்பை ஐந்து வருடமாக வைத்திருக்கிறேன். மழைக்குப் படம் நின்றால் கூரையில் ஏறி டிஷ்ஷைத் திருப்புவேனே தவிர, இதுவரை ஒரு கடிதமும் போட்டதில்லை.

சென்ற சனி இரவு நீங்கள் போட்டது ஆர்தர் பென் இயக்கி, ஜீன் ஹக்மன் துப்பறிவாளராக நடித்த 1975ஆம் ஆண்டுப் படம். அது வெளியான அதே யூன் மாதத்தில் வந்த 'ஜோஸ்' என்ற சுறாப் படத்தைப் பார்க்கத்தான் சனம் ஓடியது. இதைப் பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. நான் முன்பே பார்த்தவன். அதனால்தான் சதுரங்கப் பைத்தியமான என் மச்சானைக் கிழமை முழுக்க நச்சரித்துக் கூப்பிட்டேன்.

படத்தில் ஹக்மன் சின்னச் சதுரங்கப் பலகை ஒன்றைக் கூடவே கொண்டு திரிவார். 1922இல் நடந்த ஓர் ஆட்டத்தை ஒரு பெண்ணுக்கு அதில் வைத்துக் காட்டுவார். ராணியைக் கொடுத்துவிட்டு, குதிரையை மூன்று தரம் நகர்த்தியிருந்தால் கறுப்புக்கு வெற்றி. விளையாடியவர் அதைக் காணவில்லை, தோற்றுப்போனார். ஆங்கிலத்தில் இரவும் நைட், சதுரங்கக் குதிரையும் நைட். உங்கள் நிகழ்ச்சி அட்டவணையிலோ 'இரவு நடமாட்டம்' என்று போட்டிருக்கிறீர்கள். பேய்ப்படம் என்று நினைத்து மச்சானின் பிள்ளைகளும் வந்திருந்தார்கள். சரி, அது போகட்டும்.

கடைசியில் நடுக்கடலில் படகில் நிற்கும் ஹக்மனை நோக்கி ஒரு விமானம் இறங்கி வருகிறது. அந்த இடத்தில் தேங்காய் எண்ணெய் விளம்பரம். அது முடிய அடுத்த நிகழ்ச்சி! காலில் காயத்தோடு அவர் கிடக்க, படகின் கண்ணாடித் தளத்துக்குக் கீழே ஒரு முகம் தெரிவதும், ஓட்ட ஆளில்லாத படகு வட்டமடிப்பதும்தான் படமே. அவருக்கும் அந்த ஆட்டக்காரரைப் போலக் கண்ணுக்கு முன்னால் இருந்தது பிடிபடவில்லை என்பது அங்கேதான் விளங்கும்.

"இதுக்கே என்னை இவ்வளவு நேரம் மினக்கெடுத்தினாய்?" என்று கேட்டுவிட்டு மச்சான் சைக்கிளை எடுத்தார்.

இடம்பெயர்ந்திருந்த காலத்தில், ஜெனரேட்டருக்கு மண்ணெண்ணெய் முடிந்து முடிவு தெரியாமல் போன படங்கள் கனக்க. அதற்கு யாரையும் குறை சொன்னதில்லை. இப்போது மாதாமாதம் காசு கட்டுகிறேனே?

காசைத் திருப்பிக் கேட்கவில்லை. படத்தை முழுதாக ஒருமுறை போடுங்கள், தலைப்பையும் திருத்துங்கள். திகதியை ஒரு கிழமைக்கு முன்பே குறுந்தகவலில் அறியத் தாருங்கள். மச்சானைச் சம்மதிக்க வைக்க அவ்வளவு நாளாவது வேண்டும்.

இப்படிக்கு,
மாங்குளம் வாடிக்கையாளர்