பேக்கப் லைன் தானாக மாறவில்லை: மேலூர் கிளை ரவுட்டர் குறித்துப் புகார்

அனுப்புநர்:
கணினிப் பிரிவுப் பொறுப்பாளர், ஸ்கேன் சென்டர், அண்ணா நகர், மதுரை

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர், இணையச் சேவை நிறுவனம், மதுரை கிளை

ஐயா,

எங்கள் மேலூர் கிளையையும் அண்ணா நகர் சென்டரையும் இணைக்க உங்களிடம் இரண்டு லைன் எடுத்திருக்கிறோம். மெயின் ஃபைபர், பேக்கப் ரேடியோ. ரவுட்டரும் கான்ஃபிகரேஷனும் உங்கள் பொறுப்பு; எங்களுக்குப் பார்க்க மட்டும்தான் லாகின். ஃபைபர் போனால் தானாக பேக்கப்புக்கு மாறும் என்று ஒப்பந்தத்தில் எழுதித்தான் இரண்டுக்கும் வாடகை வாங்குகிறீர்கள்.

போன வாரம் ஒத்தக்கடை பக்கம் ஜேசிபி தோண்டியதில் ஃபைபர் அறுந்தது. அதற்கு உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் மதியம் போன இணைப்பு சாயங்காலம் வரை வரவில்லை. நான்கு வழிச் சாலையில் பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு பையனுக்கு மேலூரில் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். படம் பார்க்க வேண்டிய டாக்டர் இருப்பதோ அண்ணா நகரில். சில நூறு படங்களில் ஒன்றுகூட வந்து சேரவில்லை. டெக்னீஷியன் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டிருக்கும்போதே, பையனின் அப்பா பொறுக்க முடியாமல் ஆம்புலன்ஸ் பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்விட்டார். உங்கள் ஹெல்ப்டெஸ்க்கோ, "பேக்கப் அப்லதான் சார் இருக்கு, உங்க சைடு பாருங்க" என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

பார்த்தேன். எந்த நெட்வொர்க்குக்கு எந்த வழி என்று ரவுட்டர் வைத்திருக்கும் பட்டியலான ரவுட்டிங் டேபிளை அப்போதே எடுத்து இணைத்திருக்கிறேன். அண்ணா நகர் நெட்வொர்க்குக்கு நேராக 'எஸ்' என்ற எழுத்தும் 1/0 என்ற எண்ணும் இருக்கின்றன. அது யாரோ கையால் போட்ட ஸ்டாட்டிக் ரூட், அதாவது நிலையான பாதை; 1 என்பது அதன் டிஸ்டன்ஸ் எண். இரண்டு லைனிலும், ரவுட்டர்கள் தங்களுக்குள் பேசித் தானாகப் பாதை கண்டுபிடிக்கும் ஓ.எஸ்.பி.எஃப். ஓடுகிறது. ஃபைபர் பக்கத்திலிருந்து, எதிர் ரவுட்டர் இருப்பதைச் சொல்லும் 'ஹலோ' செய்தி வராமல் போன 40 விநாடியில் அது அந்தப் பாதையைக் கைவிட்டு, ரேடியோ வழிப் பாதையைத் தயாராக வைத்திருந்தது. ஆனால் ஒரே ஊருக்கு இரண்டு வழி வந்தால் ரவுட்டர் மென்பொருள், எந்த வழியை முதலில் நம்புவது என்று காட்டும் டிஸ்டன்ஸ் எண் குறைந்ததைத்தான் எடுக்கும். ஸ்டாட்டிக்குக்கு 1, ஓ.எஸ்.பி.எஃப்.க்கு 110. ஃபைபர் அறுந்த பிறகும், ஃபைபரையும் ரவுட்டர் கேபிளையும் இணைக்கும் பெட்டியான மீடியா கன்வர்ட்டரின் ஈதர்நெட் விளக்கு எரிந்துகொண்டே இருந்ததால், ரவுட்டரைப் பொறுத்தவரை அந்தப் போர்ட் உயிரோடுதான் இருந்தது. ஸ்டாட்டிக் ரூட்டும் அசையவில்லை. ஸ்கேன் படங்கள் எல்லாம் அறுந்த லைனுக்குள்ளேயே போய் விழுந்தன.

லைன் போட்ட அன்று உங்கள் இன்ஜினியர் ரவுட்டரிலிருந்து கேபிளைப் பிடுங்கி, பேக்கப் வருகிறதென்று காட்டினார். கேபிளைப் பிடுங்கினால் போர்ட்டே டவுன் ஆகும், ஸ்டாட்டிக்கும் கூடவே போகும், அதனால் மாறத்தான் செய்யும். ரோட்டில் ஃபைபர் அறுவது அப்படியல்ல. அந்தச் சோதனையை நம்பித்தான் கையெழுத்துப் போட்டோம்.

இதைவிட வருத்தம், பிறகு நடந்தது. உங்கள் ஆள் வந்து அந்த ரூட்டை எடுத்துவிட்டு சேவ் செய்யாமல் போயிருக்கிறார். நேற்று மேலூரில் கரண்ட் போய் ரவுட்டர் மறுபடி எழுந்ததும், அதே ஸ்டாட்டிக் ரூட் டேபிளில் வந்து உட்கார்ந்திருக்கிறது. இன்று ஃபைபர் அறுந்தாலும் அதே கதைதான்.

அந்த ரூட்டை நிரந்தரமாக நீக்கி, கான்ஃபிகரேஷனைச் சேவ் செய்து, அதன் நகலை எங்களுக்குத் தர வேண்டும். ஸ்டாட்டிக் அவசியம்தான் என்றால் டிஸ்டன்ஸை 110-க்கு மேல் வையுங்கள். லைன் அறுந்ததை நொடிக்குள் கண்டுபிடிக்கும் பி.எஃப்.டி.யை இரண்டு பக்க ரவுட்டரும் தாங்குமானால் அதையும் போடுங்கள். அவசர கேஸ் வரும் இடத்தில் 40 விநாடிகூட அதிகம். பிறகு என் முன்னால், கன்வர்ட்டரிலிருந்து ஃபைபரைக் கழற்றிச் சோதித்துக் காட்ட வேண்டும். இந்த மாத பேக்கப் வாடகையைத் திருப்பித் தரவும் கேட்கிறோம்.

15 நாளுக்குள் எழுத்துமூலம் பதில் வேண்டும். வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்போம்.

இப்படிக்கு,
கணினிப் பிரிவுப் பொறுப்பாளர்

இணைப்பு: ரவுட்டிங் டேபிள் நகல், ஒப்பந்த நகல்