வைக்கோல் நிறம்

அன்புள்ள தேனுவுக்கு, அப்பா எழுதுவது.

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. மாடி வீட்டு விவகாரம் இன்னும் முடியவில்லை, அதை விடு. நீ போனில் பேசி 23 நாள் ஆகிறது. நான் என்ன அனுப்பினாலும் "ஓகேப்பா" என்று ஒரு பதில் வருகிறது. வேலை இருக்கும், புரிகிறது. வேளாவேளைக்குச் சாப்பிடு.

போன ஞாயிறு சித்தப்பா மகன் வந்திருந்தான். 2023-ல் உன் துறைக்காக நோபல் பரிசு வாங்கிய மூன்று பேரும் தங்கள் ஆரம்ப நாட்களைப் பற்றிப் பேசியதைச் செல்லில் போட்டுக் காட்டினான். நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னான். நீ குவாண்டம் புள்ளி என்று சொன்னபோதெல்லாம் தலையாட்டியிருக்கிறேனே தவிர, எனக்கு ஒன்றும் புரிந்ததில்லை. அது கண்ணுக்கே தெரியாத பொடித் துகள் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அந்த மூவரில் எகிமோவ் என்பவர் சோவியத் நாட்டில் கண்ணாடிக்குள் செப்பு குளோரைடைக் கலந்து காய்ச்சியிருக்கிறார். எத்தனை சூடு, எத்தனை மணி நேரம் என்பதைப் பொறுத்து உள்ளே இருக்கும் துகளின் அளவு மாறுகிறது. அளவு மாறினால் அது உறிஞ்சும் ஒளியும் மாறுகிறது. பொருள் அதேதான்! 1981-ல் அதை எழுதியிருக்கிறார். நான் எழுந்தே உட்கார்ந்துவிட்டேன். உளிக்குப் பதம் வைக்கும்போது முதலில் வைக்கோல் நிறம் வரும், அப்புறம் பழுப்பு, ஊதா, நீலம். இரும்பின் மேல் படியும் படலம் தடிக்கத் தடிக்க நிறம் மாறுகிறதாம். உங்கள் துகளின் கதை வேறு என்று தம்பி சொன்னான். சரி. ஆனாலும் வியாசர்பாடிப் பட்டறையில் நாற்பது வருஷம் காரணம் தெரியாமலே இதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். நான் மைக்ரோமீட்டர் கருவியில் பிடித்த ஒரு கோட்டுக்குள், 0.01 மில்லிமீட்டருக்குள், 10,000 நானோமீட்டர் அடங்குமாம். நீ வேலை செய்வது அதில் இரண்டு மூன்றில். டீக்கடையில் எல்லாரிடமும் சொன்னேன்.

அமெரிக்காவில் புரூஸ் என்பவர் எகிமோவைப் பற்றித் தெரியாமலே 1983-ல் அதே விஷயத்தைக் கண்டிருக்கிறார். காட்மியம் சல்ஃபைடுக் கரைசல் மேசைமேல் கொஞ்ச காலம் சும்மா கிடந்ததில் அது உறிஞ்சும் ஒளி மாறியிருந்தது, துகள்கள் வளர்ந்திருந்தன. அவர் தேடிப் போனது வேறு, சூரிய ஒளி வைத்து வேதிவினை நடத்துவது. அதற்கு அப்புறமும் நல்ல தரமான துகள் வரவே பத்து வருஷம். புரூஸிடம் வேலை பார்த்த பவெண்டிதான் 1993-ல், சூடான கரைப்பானில் மூலப்பொருளை ஊசியால் சட்டென்று செலுத்தி அதைச் சாதித்தார். இன்றைக்குக் கடையில் விற்கும் டிவி வரைக்கும் அது வந்திருக்கிறது. பத்து வருஷம், தேனு. நீ போய் நான்குகூட ஆகவில்லை. சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே.

காசிமேட்டில் மீன் வாங்கும்போது உன் தோழியின் அம்மாவைப் பார்த்தேன். "தேனு எப்படியிருக்கா, இப்ப பரவாயில்லையா?" என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நானும் கேட்கவில்லை. ஊரில் மற்றவர்களுக்குத் தெரிவது எங்களுக்குத் தெரியாமல் போவது நன்றாகவா இருக்கிறது?

கல்லூரியில் முதல் வேதியியல் தேர்வில் பவெண்டி வாங்கியது 100-க்கு 20. வகுப்பிலேயே கடைசி. அத்தோடு தன் கதை முடிந்தது என்று நினைத்தாராம். அவர் அப்பா கணிதப் பேராசிரியர் என்று தம்பி சொன்னான். அந்த 20 மார்க்கை அப்பாவிடம் எப்படிச் சொல்லியிருப்பார் என்று எனக்கு அன்றிரவு தூக்கமே வரவில்லை.

பதினொன்றாம் வகுப்பு அரையாண்டில் நீ 31 வாங்கினாய். கையெழுத்துப் போட மாட்டேன் என்று ரேங்க் கார்டை வாசலில் வீசினேன். எட்டு நாள் உன்னோடு பேசவில்லை. உன்னைப் பெருமையாகச் சொல்லித்தான் முதலாளியிடம் அட்வான்ஸ் வாங்கியிருந்தேன், அந்த வெட்கத்தை உன்மேல் இறக்கினேன். அதற்கு அப்புறம் மார்க் குறைந்தால் அம்மாவிடம் மட்டும் கையெழுத்து வாங்கினாய். எனக்குத் தெரியும். தெரிந்தும் நல்லதாகப் போயிற்று என்று இருந்துவிட்டேன். பதம் தவறி நீலத்துக்குப் போன உளியை நான் ஒருநாளும் தூக்கி எறிந்ததில்லை. பழுக்கக் காய்ச்சி, தண்ணீரில் முக்கி, திரும்ப முதலிலிருந்து ஆரம்பிப்பேன். இரும்புக்குக் காட்டிய பொறுமையை உனக்குக் காட்டவில்லை. கெட்ட சேதியை என்னிடம் சொல்லக் கூடாது என்று உனக்குப் பழக்கியது நான்தான். மன்னித்துக்கொள் கண்ணு.

அம்மாவுக்கு இந்தக் கடிதம் தெரியாது. கருவாடு அங்கே விடமாட்டார்கள் என்கிறார்கள், அதனால் பருப்புப்பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் தனிப் பார்சலில் வருகிறது. பழைய முகவரிக்குத்தான் அனுப்பியிருக்கிறேன். நீ அங்கேதானே இருக்கிறாய்? இடம் மாறியிருந்தால் எழுது, எங்கே என்றாலும் அங்கே அனுப்புகிறேன்.

அப்பா
தண்டையார்பேட்டை