பொருள்: கேட்டது ஒன்று, மாட்டிவிட்டுப் போன ஹீட்டிங் புரோகிராமர் வேறு

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

ஐயா / அம்மையீர்,

லண்டன் ஈஸ்ட் ஹாமில் உள்ள எங்கள் வீட்டின் பழைய ஹீட்டிங் புரோகிராமர் (ஹீட்டிங்கும் சுடுதண்ணீரும் எந்த நேரத்தில் ஓட வேண்டும் என்று வைக்கும் பெட்டி) பழுதானதால், மாற்றுவதற்கு உங்கள் கடைக்கு வந்தேன். தமிழிலேயே விளக்கிச் சொல்லலாம் என்ற நம்பிக்கைதான் காரணம். எங்களுடையது குழாயைத் திறக்கும்போதே தண்ணீரைச் சூடாக்கித் தரும் காம்பி பாய்லர் இல்லை, மாடியில் சுடுதண்ணீர் சிலிண்டர் இருக்கிறது, பம்பும், சூடான நீரை ரேடியேட்டருக்கும் சிலிண்டருக்கும் பிரித்துவிடும் மூன்று வழி வால்வும் உண்டு என்று கவுன்டரில் சொன்னேன். பழைய பெட்டியைக் கழற்றிய பிறகு சுவரில் இருந்த, பெட்டியைத் தாங்கும் பேக்பிளேட்டின் படத்தையும் காட்டினேன். கூடவே, ஏழு நாளுக்கும் தனித்தனியாக நேரம் வைக்கக்கூடியதுதான் வேண்டும் என்றேன். வார இறுதியில் எனக்கு இரவு வேலை, வீட்டில் வயதான அம்மா இருக்கிறார். மற்ற நாட்களின் நேரம் அந்த இரண்டு நாளுக்கும் சரிவராது.

உங்கள் ஊழியர் படத்தைப் பார்த்துவிட்டு, "பேக்பிளேட் ஒரே மாதிரிதான், எதுவும் பொருந்தும்" என்று சொல்லி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். நீங்கள் அனுப்பியவர் அதை மாட்டியும் விட்டார். பெட்டி சுவரில் சரியாக உட்கார்ந்தது உண்மைதான். ஆனால் அது 24 மணி நேர மாடல். ஒரே நேரம்தான் தினமும் திரும்பத் திரும்ப வரும். பேக்பிளேட் பொருந்துவது வேறு, உள்ளே இருக்கிற வேலை பொருந்துவது வேறு. இதை விற்பவர்தான் எனக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

இதைவிட மோசமானது அப்புறம் நடந்தது. ஹீட்டிங்கைப் போட்டாலே சிலிண்டர் தண்ணீரும் சேர்ந்து சூடானது, அதை மட்டும் நிறுத்த வழியே இல்லை. சிலிண்டர் தெர்மோஸ்டாட் 60 டிகிரியில் நிறுத்திவிடும்தான். ஆனால் தண்ணீர் ஆற ஆற பாய்லர் மறுபடி அதைச் சூடாக்கும், யாரும் குளிக்காத நேரத்திலும் கேஸ் செலவாகும். நான் போனில் சொன்னபோது, வால்வு போய்விட்டது, மாற்றத் தனிக் கட்டணம் என்றார்கள். வால்வை யாரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவர் வந்து, பெட்டிக்கு மின்சாரம் தரும் ஃபியூஸ் ஸ்பர் சுவிட்சை அணைத்துவிட்டுப் பெட்டியைக் கழற்றினார். பின்பக்கத்தில் கிராவிட்டி, பம்ப்டு என்று இரண்டு நிலை கொண்ட சின்ன சுவிட்ச் ஒன்று கிராவிட்டியில் இருந்தது. பம்ப் இல்லாமல் தண்ணீர் தானாகச் சுழலும் பழைய அமைப்புகளுக்கான நிலை அது. அதில் வைத்தால் ஹீட்டிங் ஓடும்போது சுடுதண்ணீரும் கட்டாயம் ஓடும். பம்ப்டுக்கு மாற்றியதும் இரண்டும் தனித்தனியாக வேலை செய்தன. வால்வில் எந்தக் கோளாறும் இல்லை. உங்கள் பேச்சைக் கேட்டு வால்வை மாற்றியிருந்தால் அந்தப் பணம் முழுவதும் வீண். விவரம் தெரியாத ஒரு வயதானவரிடம் இதைச் சொல்லியிருந்தால் கொடுத்திருப்பார் என்பதுதான் எனக்கு அதிகக் கோபம் தருகிறது.

2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, வாங்குபவர் முன்கூட்டியே சொன்ன தேவைக்குப் பொருள் பொருந்த வேண்டும், வேலையும் தகுந்த கவனத்தோடு செய்யப்பட வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. வாங்கி 30 நாள் ஆகாததால் பொருளைத் திருப்பித் தந்து முழுப் பணமும் கேட்க எனக்கு உரிமை உண்டு. ஆனாலும் இரண்டு சேனல் கொண்ட (ஹீட்டிங்குக்கும் சுடுதண்ணீருக்கும் தனித்தனியாக நேரம் வைக்கும்) ஏழு நாள் மாடலைக் கூடுதல் கட்டணம் இல்லாமல் சரியாக மாட்டித் தந்தால் ஏற்றுக்கொள்கிறேன். எலக்ட்ரீஷியனுக்கு நான் கொடுத்த தொகையையும் தர வேண்டும். ரசீது நகல் இணைத்திருக்கிறேன்.

14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தாருங்கள். வராவிட்டால் பொருளைத் திருப்பி முழுப் பணத்தையும் கேட்பேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்