ஒலிம்பிக் டென்னிஸில் மூன்றாமிடத்துக்கான ஆட்டத்தையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

2024 ஓகஸ்ட் 4ஆம் திகதி பாரிஸ் நகரின் ரோலண்ட் கரோஸ் அரங்கில் சேர்பியாவின் நொவாக் ஜோகோவிச், ஸ்பெயினின் கார்லோஸ் அல்கராஸை 7-6, 7-6 என்ற செட் கணக்கில் வென்று ஒலிம்பிக் ஆண்கள் ஒற்றையர் தங்கப் பதக்கத்தைப் பெற்ற செய்தி தமிழ் நாளிதழ்களிலும் படத்துடன் வெளிவந்தது. அதற்கு முதல்நாள் இத்தாலியின் லொரென்சோ முசெட்டி, கனடாவின் பீலிக்ஸ் ஓஜே அலியாசிமை மூன்று செட்களில் வென்று வெண்கலம் பெற்றதையோ, அது நூறு ஆண்டுகளுக்குப் பின்னர் டென்னிஸில் இத்தாலிக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் என்பதையோ திருகோணமலையில் என் கைக்குக் கிடைத்த தமிழ்ப் பத்திரிகை எதிலும் நான் காணவில்லை. பல ஆண்டுகள் பாடசாலையில் உடற்கல்வி கற்பித்தவன் என்ற முறையில், இந்த விடுபாடு சிறியதன்று என்று கருதுவதாலேயே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

டென்னிஸ் விளையாட்டில் மூன்றாமிடம் என்பது வழமையாக இல்லாத ஒன்று. விம்பிள்டனிலும் ஏனைய மூன்று பெரும் போட்டித் தொடர்களிலும் அரையிறுதியில் தோற்ற இருவரும் அன்றே விடைபெற்றுச் செல்வார்கள். அவர்களில் யார் சிறந்தவர் என்று எவரும் கேட்பதில்லை. ஒலிம்பிக்கில் மட்டும், தங்கக் கனவை இழந்த அந்த இருவரும் ஓரிரு நாட்களுக்குள் மீண்டும் களமிறங்க வேண்டும். 1924க்குப் பின்னர் நீக்கப்பட்டிருந்த டென்னிஸ் 1988இல் சியோலில் பதக்க விளையாட்டாக மீண்டும் சேர்க்கப்பட்டபோது இந்த ஆட்டம் நடத்தப்படவில்லை. அங்கும் 1992இல் பார்சிலோனாவிலும் அரையிறுதியில் தோற்ற இருவருக்கும் வெண்கலம் வழங்கப்பட்டது. 1996 அட்லாண்டாவிலிருந்துதான் ஒரே வெண்கலத்துக்கு இருவர் மோதும் முறை நிலைபெற்றது.

அந்த முதல் ஆட்டத்திலேயே வென்றவர் நம் அயல்நாட்டவர். உலகத் தரவரிசையில் நூறுக்கும் அப்பால் இருந்த லியாண்டர் பயஸ், சிறப்பு அனுமதியில் போட்டிக்குள் வந்து, அரையிறுதியில் அன்ட்ரே அகாசியிடம் தோற்றார். பின்னர், மணிக்கட்டுக் காயத்துடன் ஆடிய வெண்கல ஆட்டத்தில் பிரேசிலின் பெர்னாண்டோ மெலிகெனியிடம் முதல் செட்டை 3-6 என இழந்தும், அடுத்த இரண்டையும் 6-2, 6-4 என வென்றார். 1952இல் மல்யுத்தத்தில் வெண்கலம் வென்ற கே. டி. ஜாதவுக்குப் பின்னர் இந்தியர் ஒருவர் தனிநபர் பிரிவில் பெற்ற முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. அரையிறுதியோடு அந்தத் தொடர் முடிந்திருந்தால், பயஸ் அகாசியிடம் தோற்றவர்களில் ஒருவர் என்ற அளவிலேயே நினைக்கப்பட்டிருப்பார்.

ஜோகோவிச்சின் தங்கத்தை மட்டும் எழுதினால் அவரது கதையில் பாதிகூட வாசகருக்குக் கிடைக்காது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 2008இல் பெய்ஜிங்கில், 21 வயதில், அரையிறுதியில் ரபாயல் நடாலிடம் தோற்ற அவர், ஜேம்ஸ் பிளேக்கை வென்று வெண்கலத்துடன் திரும்பினார். 2012இல் லண்டனில் அந்த வெண்கலமும் கிடைக்கவில்லை. அப்போது அவரை 7-5, 6-4 என வென்றவர் ஆர்ஜென்டீனாவின் ஹுவான் மார்ட்டின் டெல் போட்ரோ. ரோஜர் பெடரருக்கு எதிரான அரையிறுதியில் நான்கு மணி 26 நிமிடங்கள் ஆடி, மூன்றாம் செட்டை 17-19 என இழந்திருந்த டெல் போட்ரோ, இரண்டே நாட்களில் எழுந்து வந்து உலகின் முன்னணி வீரரை நேர் செட்களில் வென்றார் என்பது, நான் அறிந்தவரையில், இந்தப் போட்டி வரலாற்றின் மிகப்பெரிய மீட்சிகளில் ஒன்று. நான்கு ஆண்டுகளின் பின்னர் ரியோவில் முதற் சுற்றிலேயே அதே டெல் போட்ரோவிடம் தோற்ற ஜோகோவிச் கண்ணீருடன் களத்தை விட்டு வெளியேறினார். 2021இல், அவ்வாண்டின் முதல் மூன்று பெரும் பட்டங்களையும் வென்ற நிலையில் டோக்கியோவுக்கு வந்தபோது, அரையிறுதியில் முதல் செட்டை 6-1 என எடுத்த பின்னரும் அலெக்சாண்டர் ஸ்வெரெவிடம் தோற்றார். மறுநாள் வெண்கல ஆட்டத்தில் ஸ்பெயினின் பாப்லோ கரேனியோ புஸ்டாவிடமும் தோற்று, கோபத்தில் மட்டையைப் பார்வையாளர் இருக்கைகளுக்குள் எறிந்தார். 2024இல், 37 வயதில், முழங்கால் சத்திரசிகிச்சை முடிந்து சுமார் இரண்டு மாதங்களில் அவர் பெற்ற தங்கத்துக்குப் பின்னால் இத்தனை தோல்விகளும் இருந்தன. இவற்றில் இரண்டு மூன்றாமிடத்துக்கான ஆட்டங்களில் நேர்ந்தவை. அவற்றை அறியாத சிறுவனுக்குத் தங்கம் வென்ற நாளில் அவர் விட்ட கண்ணீர் விளங்காது.

பெடரரின் நிலையும் அப்படியே. 2000இல் சிட்னியில், 19 வயது இளைஞராக, வெண்கல ஆட்டத்தில் பிரான்ஸின் அர்னோ டி பாஸ்குவாலிடம் அவர் தோற்றார். ஒற்றையர் தங்கம் அவருக்கு இறுதிவரை கைகூடவில்லை. 2004இல் ஏதென்ஸில் சிலியின் பெர்னாண்டோ கொன்சாலஸ், டெய்லர் டென்ட்டை மூன்றாம் செட்டில் 16-14 என வீழ்த்தி வெண்கலம் வென்ற பின்னர், அன்றிரவே நிகொலாஸ் மாசுவுடன் இரட்டையர் இறுதிப்போட்டியிலும் ஆடித் தன் நாட்டின் முதல் ஒலிம்பிக் தங்கத்தைப் பெற்றார். 2016இல் நடாலை மூன்று செட்களில் வென்ற ஜப்பானின் கெய் நிஷிகோரி, 1920இல் இச்சியா குமாகே பெற்ற வெள்ளிக்குப் பின்னர் 96 ஆண்டுகள் கழித்துத் தன் நாட்டுக்கு டென்னிஸ் பதக்கம் கொண்டுவந்தார். அந்த ஆண்டு முதல் ஒலிம்பிக் ஆட்டங்களுக்குத் தரவரிசைப் புள்ளிகள் வழங்கப்படுவதில்லை, பரிசுப் பணமும் இல்லை. ஆனாலும், தோற்றுக் களைத்த இருவர் முழு வேகத்துடன் மோதுகிறார்கள் என்பதே இந்த ஆட்டத்தின் பெருமையை எடுத்துக்காட்டுகிறது.

ஆசிய விளையாட்டுப் போட்டியைப் பற்றியும் ஒரு சொல். டென்னிஸ் அங்கே அறிமுகமான 1958 டோக்கியோ போட்டியில்தான் யாழ்ப்பாணத்தின் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் உயரம் பாய்தலில் இலங்கைக்கு முதல் ஆசியத் தங்கத்தை வென்றார். தமிழர் நாம் பெருமையுடன் நினைவுகூர வேண்டிய போட்டி அது. ஆசியப் போட்டியின் ஒற்றையரில் அரையிறுதியில் தோற்ற இருவருக்கும் வெண்கலம் வழங்கப்படுகிறது. 2018இல் இந்தோனேசியாவின் பலெம்பாங் நகரில் சென்னையின் பிரஜ்னேஷ் குணேஸ்வரனும் தென்கொரியாவின் லீ டக் ஹீயும் அவ்வாறு பெற்றார்கள். பிறவியிலேயே செவிப்புலன் இல்லாதவர் லீ. பந்து மட்டையில் படும் ஓசையைக் கொண்டு அதன் வேகத்தையும் சுழற்சியையும் ஏனைய வீரர்கள் கணிக்கையில், அவர் கண்ணை மட்டுமே நம்பி ஆசியாவின் முதல் நால்வரில் ஒருவரானார். தமிழர் ஒருவரும் இவரும் ஒரே மேடையில் நின்ற நிகழ்வு நம் பத்திரிகைகளில் ஒரு முழுப் பக்கத்துக்குத் தகுதியானது. ஆசியப் போட்டியிலும் வெண்கலத்துக்கென ஓர் ஆட்டம் வேண்டும் என்பதே என் எண்ணம். இந்த இருவரில் ஒருவர் வெறுங்கையுடன் திரும்பியிருப்பார் என்று நினைக்கும்போது அந்த எண்ணம் சற்றுத் தளர்வதையும் மறைக்க மாட்டேன்.

திருகோணமலையில் இது ஏன் முக்கியம் என்று கேட்கலாம். மக்கெய்சர் விளையாட்டரங்கிலும் ஏகாம்பரம் மைதானத்திலும் மாலையில் கூடும் பிள்ளைகள் பெரும்பாலும் உதைபந்தாட்டமும் கிரிக்கெட்டும் ஆடுபவர்கள். டென்னிஸ் மட்டையைக் கையில் எடுக்கும் வாய்ப்பு அவர்களில் மிகச் சிலருக்கே உண்டு. அந்த விளையாட்டை அவர்கள் முதலில் அறிவது பத்திரிகையின் வழியாகவும் கைத்தொலைபேசியின் வழியாகவுமே. எங்கள் பாடசாலைகளின் இல்ல மெய்வல்லுநர் போட்டிகளில் மூன்றாமிடம் பெற்றவருக்கும் இல்லத்துக்கான புள்ளி உண்டு. அந்தப் புள்ளிகளால் கேடயம் கைமாறிய ஆண்டுகளும் உண்டு. ஆகவே மூன்றாமிடத்துக்காக ஒருவர் ஏன் உயிரைக் கொடுத்து ஆடுகிறார் என்பதை எம் பிள்ளைகளுக்குப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. செய்தியை அச்சிட்டால் போதும், அவர்களே புரிந்துகொள்வார்கள். வென்றவரை மட்டும் காட்டும் விளையாட்டுப் பக்கத்தை வாசித்து வளரும் பிள்ளை, அரையிறுதியில் தோற்றவுடன் பயிற்சியைக் கைவிடுவதை நான் பல தடவை கண்டிருக்கிறேன். அதற்குப் பத்திரிகை மட்டுமே காரணமன்று என்றாலும், பத்திரிகை உதவியிருக்க முடியும்.

எனவே சில காரியங்களைக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த ஒலிம்பிக் 2028இல் லொஸ் ஏஞ்சல்ஸில் நடைபெறவுள்ளது. ஆண்கள் ஒற்றையரில் 64 பேர் ஆறு சுற்றுகளில் மோதும் அட்டவணையை, போட்டி தொடங்கும் நாளில், ஒரு நாட்டிலிருந்து நால்வருக்கு மேல் பங்கேற்க முடியாது என்ற விதியின் விளக்கத்துடன் முழுமையாக வெளியிடுங்கள். அதனை வெட்டிச் சுவரில் ஒட்டி, ஒவ்வொரு நாளும் வென்றவரின் பெயரைப் பிள்ளைகள் நிரப்பலாம். பெண்கள் ஒற்றையருக்கும் அவ்வாறே செய்ய வேண்டும். அரையிறுதி முடிந்ததும் மூன்றாமிடத்துக்கான ஆட்டத்தின் நாளையும் இலங்கை நேரத்தையும் அறிவித்து, அதன் செய்தியை இறுதிப்போட்டிச் செய்தியின் அடியில் ஒரு வரியாகச் சுருக்காமல் தனித் தலைப்பில், செட் கணக்குகளுடன் தாருங்கள். ஆசியப் போட்டியில் அந்த ஆட்டம் இல்லாவிடினும், வெண்கலம் பெறும் இருவரையும் பற்றித் தலா ஒரு பத்தியாவது எழுதுங்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
உவர்மலை, திருகோணமலை.