ஃபில்டருக்கு முன்னால் ஒரு குழாய்: மழைநீர்த் தொட்டி வைப்பவர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ஐப்பசி அடைமழை நெருங்கினால் கடையில் முதல் கேள்வி, "நல்ல ஃபில்டர் எது?" என்பதுதான். எங்களைக் கேட்டால் ஃபில்டர் இரண்டாவது வேலை. மதுரை வெயிலில் மாதக்கணக்கில் மாடியில் படிந்த புழுதி, புறா எச்சம், வேப்பஞ்சருகு எல்லாம் முதல் சில நிமிட மழையிலேயே இறங்கிவிடும். அதை ஒதுக்கினால்தான் ஃபில்டர் மணல் தாங்கும்.

ஒதுக்க வேண்டியது முதல் அரை மில்லிமீட்டர் மழை; 500 சதுர அடி மாடியில் அது 23 லிட்டர். 4 அங்குல பிவிசி குழாய் 10 அடிக்குச் சுமார் 25 லிட்டர் பிடிக்கும். ஆகவே 500 சதுர அடிக்கு ஒரு இறங்கு குழாய். தொட்டிக்குப் பிரியும் இடத்தில் ஒரு டீ (T வடிவக் குழாய் இணைப்பு). டீக்குக் கீழே 10 அடிக் குழாயைத் தரை எட்டும் வரை இறக்கி, மிச்சத்தைச் சுவரோரம் படுக்கவைத்து, முனையில் திருகு மூடி. இது நிரம்பிய பிறகே தண்ணீர் ஃபில்டர் பக்கம் திரும்பும். மூடிப் பக்கம் 2 அங்குலம் தாழ்வாக இருக்கட்டும். புறா அடையும் மாடியென்றால் 20 அடி போடுங்கள்.

கோளாறு வருவது மூடியில்தான். அதில் 3 மில்லிமீட்டர் துளை இல்லையென்றால் குழாய் நிறைந்தே நிற்கும். அடுத்த மழையின் அழுக்கு நேரே தொட்டிக்குத்தான். துளை இருந்தாலும் சருகு அடைக்கும். மழை விட்டதும் மூடியைக் கழற்றி வடித்துவிடுங்கள்.

ஃபில்டருக்கு 200 லிட்டர் டிரம் போதும்: அடியில் 40 மி.மீ. ஜல்லி, மேலே 20 மி.மீ. ஜல்லி, நைலான் வலை, அதன்மேல் கழுவிய பெருமணல். எம்-சாண்ட் வேண்டாம், கல்தூள் இறுகித் தண்ணீர் இறங்காது.

1000 சதுர அடியில் 1 செ.மீ. பெய்தால் 700 லிட்டருக்குக் குறையாமல் சேரும். 1000 லிட்டர் தொட்டி இரண்டு மழையில் வழியும். வழியும் குழாயும் 4 அங்குலமே இருக்கட்டும், வாயில் கொசுவலையோடு. 2003-ல் மழைநீர் சேகரிப்புச் சட்டம் வந்தபோது தோண்டிய குழி மண்மூடிக் கிடந்தால், தூர்வாரி வழியும் தண்ணீரை அதில் விடுங்கள்.

போர் தண்ணீரில் வேகாத துவரம்பருப்பு மழைநீரில் சட்டென்று வேகும். குடிப்பதற்குக் கொதிக்கவைத்தே எடுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தண்ணீர் துவைக்கவும் செடிக்கும் மட்டும்.

கடைக்கு வரும்போது மாடியின் நீள அகலம், இறங்கு குழாய் எத்தனை, தொட்டி வாய் தரையிலிருந்து எத்தனை அடி என்று எழுதிக்கொண்டு வாருங்கள். டீயின் உயரம் அதைப் பொறுத்தது.