பேனல் மீட்டர் கையேட்டில் விடுபட்ட வரியும் முகவரியை மறக்கும் இரண்டு மீட்டர்களும்: புகார்

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: டிஜிட்டல் பேனல் மீட்டர்களைக் கணினியோடு இணைத்துப் பதிவெடுக்க முடியாமை குறித்து

ஐயா / அம்மையீர்,

உங்களிடம் வாங்கிய ஆறு டிஜிட்டல் பேனல் மீட்டர்களை எங்கள் பட்டறையின் ஆறு டெம்பரிங் உலைகளில் (உலோகத்தைச் சூடாக்கிப் பதப்படுத்துபவை) பொருத்தியிருக்கிறோம். வெப்பநிலையைப் பார்ப்பதற்கு மட்டும் என்றால் பழைய மீட்டர்களே போதும். பல மீட்டர்களை ஒரே கம்பியில் கணினியோடு சேர்க்கும் ஆர்எஸ்-485 இணைப்பும், அதன் வழியே பேசும் மோட்பஸ் ஆர்டியு என்ற செய்தி முறையும் இருப்பதால்தான் இவற்றை வாங்கினோம். ஒவ்வொரு லாட்டோடும் வெப்பநிலைப் பதிவையும் சேர்த்துக் கேட்கிறார்கள் எங்கள் வாடிக்கையாளர்கள். மூன்று வாரமாக அந்தப் பதிவு இல்லை. இரவு ஷிப்ட் ஆபரேட்டர் 15 நிமிடத்துக்கு ஒருமுறை உலை உலையாக நடந்து போய் நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறார்.

வயரிங் முறைப்படிதான் செய்தோம். மீட்டருக்கு மீட்டர் சங்கிலியாக முறுக்குக் கம்பி, இரண்டு கோடியிலும் 120 ஓம் ரெசிஸ்டர், வேகம் 9600 பாட், பேரிட்டி (பிழை சோதிக்கும் கூடுதல் பிட்) இல்லை. ஏ, பி முனைகள் எங்கள் யுஎஸ்பி கன்வெர்ட்டரில் உள்ளதற்கு நேர்மாறாக இருந்தன. பல தயாரிப்புகளில் அப்படித்தான் இருக்கும், அதைக் குறையாகச் சொல்லவில்லை. வயரை மாற்றிப் போட்டதும் மீட்டர்கள் பதில் தந்தன.

பதிலில் வந்த எண்தான் சிக்கல். மீட்டர் முகப்பில் 231.4 டிகிரி என்று இருக்கும்போது கணினியில் 24 இலக்கத்துக்கு ஓர் எண் வருகிறது. உலை 230.0-இல் நின்றால் பூஜ்யம் வருகிறது. உங்கள் சேவைப் பிரிவுக்கு இரண்டு முறை எழுதினேன். இரண்டு முறையும் ஒரே பதில்: லைனில் நாய்ஸ், ஷீல்டு கேபிள் போடுங்கள், கன்வெர்ட்டரை மாற்றுங்கள். இரண்டையும் சொந்தச் செலவில் செய்தோம். ஒன்றும் மாறவில்லை.

மாறவும் மாறாது. மோட்பஸ் ஆர்டியு செய்தி ஒவ்வொன்றின் கடைசி இரண்டு பைட்டும் சிஆர்சி, அதாவது செய்தி சிதையாமல் வந்ததா என்று சரிபார்க்கும் எண். வழியில் ஒரு பிட் புரண்டிருந்தாலும் அது ஒத்துவராது. எங்களுக்கு வந்த பதில்கள் அனைத்திலும் ஒத்துவந்தது. அப்படியென்றால் மீட்டர் அனுப்பியதே கணினிக்கு வந்திருக்கிறது. என் கடிதத்தோடு அந்தப் பைட்டுகளை அனுப்பியிருந்தேன். அவற்றை யாராவது ஒருமுறை பார்த்திருந்தால் புது கேபிள் வாங்கச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் எங்கள் எலக்ட்ரீஷியன். பைட்டுகளைத் தாளில் எழுதிவைத்து ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து பார்த்தார். 231.4 என்பது 32 பிட் ஃப்ளோட்டாக (தசம எண்ணைக் கணினி எழுதும் வடிவம்), பதினாறடிமானத்தில் 4367 6666. ஒரு ரெஜிஸ்டரில் (மீட்டர் மதிப்பை வைத்திருக்கும் இடம்) 16 பிட்தான் கொள்ளும் என்பதால் அது இரண்டாகப் பிரிந்து வருகிறது. உங்கள் மீட்டர் 6666-ஐ முதலிலும் 4367-ஐ அடுத்தும் அனுப்புகிறது. எங்கள் மென்பொருள் முதலில் வருவதை மேல்பாதியாக எடுத்துக்கொள்கிறது. அமைப்பில் வரிசையை மாற்றியதும் முகப்பில் தெரிவதே கணினியிலும் வந்தது. எது முதலில் வர வேண்டும் என்று மோட்பஸ் விதி வரையறுக்கவில்லை. ஆகவே தயாரிப்பவர்தான் சொல்லியாக வேண்டும். உங்கள் கையேட்டின் ரெஜிஸ்டர் அட்டவணையில் விவரம் ‘ஃப்ளோட்’ என்ற ஒரு சொல்லோடு முடிந்துவிடுகிறது.

அடுத்தது மீட்டரின் குறையே. ஆறில் இரண்டு, மின்சாரம் போய் வந்தால் நாங்கள் வைத்த ஸ்லேவ் முகவரியை (கணினி ஒவ்வொரு மீட்டரையும் கூப்பிடும் எண்) மறந்து 1-க்குத் திரும்பிவிடுகின்றன. 1-இல் ஏற்கனவே ஒரு மீட்டர் இருக்கிறது. கணினி 1-ஐக் கேட்டால் மூன்றும் ஒரே நேரத்தில் பேசுகின்றன. பதில்கள் மோதிக்கொள்ள, நல்ல மீட்டரின் பதிவும் சேர்ந்து போகிறது. மற்ற நான்கும் அதே மின்வெட்டுக்குப் பிறகு சரியாகத்தான் இருக்கின்றன.

அந்த இரண்டு மீட்டர்களையும் மாற்றித் தர வேண்டும். பழையதைக் கழற்றும் முன் புதியது கைக்கு வர வேண்டும், உலையை நிறுத்திவைக்க முடியாது. தேவையில்லாமல் வாங்கவைத்த கேபிளுக்கும் கன்வெர்ட்டருக்கும் உண்டான தொகையைத் திருப்பித் தர வேண்டும். ரெஜிஸ்டர் வரிசையையும், ஏ, பி-யில் எது பிளஸ் என்பதையும் கையேட்டில் சேர்த்து, இதே மாடலை ஏற்கனவே வாங்கியவர்களுக்கும் அந்தப் பக்கத்தை அனுப்புங்கள். அவர்களில் யாரோ ஒருவர் இப்போது கேபிள் மாற்றிக்கொண்டிருக்கலாம்.

பில் நகல், இரண்டு மீட்டர்களின் வரிசை எண்கள், பைட் பதிவு ஆகியவற்றை மீண்டும் இணைத்திருக்கிறேன். மீட்டரைப் பற்றித் தெரிந்த ஒருவர் இதைப் படித்துப் பதில் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பட்டறைப் பொறுப்பாளர்